கிளர்ந்த பேரியான்களை இனம் பிரிப்பது எப்படி? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் பேரியான் (மூன்று குவார்க்குகளால் ஆன துகள்) பட்டியலை முதன்முதலாகத் திறந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், புரோட்டானும் நியூட்ரானும் புரியுது. இந்த நியூக்ளியான் 1440, 1520, 1535, 1650ன்னு வரிசையாப் போகுதே, இதையெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?"

ஞாபகம் வைக்க வேண்டாம் மக்களே, அடுக்கி வைத்தால் போதும். நியூக்ளியான் என்பது புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப்பெயர். பெயரில் இருக்கிற எண் அதன் கிளர்ந்த (ஆற்றல் கூடிய) நிலையின் தோராயமான நிறை, எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) அலகில், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வகைப்படுத்தப் போனால் 1700 பக்கம் வந்ததும் திணறிவிடுவோம். நியூக்ளியான் 1675, 1680, 1700, 1710, 1720, இவற்றோடு டெல்டா 1700 என்று ஆறு நிலைகள் 45 எம்இவி இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் (நிறை பரவிக் கிடக்கும் அளவு) 100 எம்இவியைத் தாண்டும். நிறையை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே தெரிவது ஒரே ஒரு மேடு. அதற்குள் ஆறு பேர் இருப்பதைக் காட்டிக்கொடுப்பவை ஐசோஸ்பின் (மேல், கீழ் குவார்க்குகளின் சேர்க்கையைக் குறிக்கும் எண்), தற்சுழற்சி, பாரிட்டி (கண்ணாடிப் பிம்பத்தில் குறி மாறுகிறதா என்பது) ஆகிய குவாண்டம் எண்கள். ஒவ்வொரு எண்ணும் எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று கேட்டுப் பழகுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. துகள் தரவுக் குழுமம் இரண்டு ஆண்டுக்கொரு முறை வெளியிடும் துகள் இயற்பியல் தொகுப்பு இணையத்தில் முழுக்க இலவசம். அதில் பேரியான் பட்டியலை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஆய்வுக் கட்டுரைகள் தேவைப்பட்டால் ஆர்க்சைவ் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும், சந்தா கட்ட வேண்டியதில்லை. ஒரு நீள நோட்டும் வரைபடத்தாளும் வாங்கி வையுங்கள். கோண உந்தங்களைக் கூட்டுவதும், கிளெப்ஷ்-கோர்டன் கெழுக்களின் அட்டவணையை வாசிப்பதும், கலப்பெண்ணைத் தளத்தில் குறிப்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது தடுமாறினால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். குவாண்டம் புலக் கோட்பாடு தெரியாமலேயே வெகுதூரம் போகலாம்.

நோட்டில் ஒன்பது பத்திகள் போடுங்கள்: பெயர், விந்தை எண் (விந்தைக் குவார்க்குகளின் கணக்கு), ஐசோஸ்பின், தற்சுழற்சி, பாரிட்டி, துருவம் (படி 5), முக்கியச் சிதைவுகள், நட்சத்திரம் (படி 6), குடும்பம். கடைசிப் பத்தியை இப்போதைக்குத் தொடாதீர்கள். பலரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குவார்க்கு மாதிரி என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டால், பிறகு அளவீட்டைப் பார்க்கிற கண்ணே கோணலாகிவிடும்.

ஒத்ததிர்வு என்றால் இங்கே என்ன

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டிருப்பீர்கள். கல் ஒன்றுதான், தூணுக்குத் தூண் சுரம் வேறு. புரோட்டானும் அப்படித்தான்: உள்ளே மூன்று குவார்க்குகள், அவை ஆடக்கூடிய விதங்கள் பல, ஒவ்வொரு விதத்துக்கும் ஓர் ஆற்றல். அடிநிலைக்கு மேலே உள்ள அத்தகைய கணநேர நிலையே ஒத்ததிர்வு. வேறுபாடு ஒன்று உண்டு. கல்தூணின் ஒலி காதில் சற்று நேரம் நிற்கும், அதனால் சுரத்தைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்லலாம். டெல்டா 1232 நிற்பது சுமார் 5.6 × 10⁻²⁴ வினாடி. அந்த நேரத்துக்குள் ஒளியே புரோட்டானின் விட்டத்தளவு தூரத்தைத்தான் கடக்கும். இத்தனை சீக்கிரம் அணைந்துபோவதால் அதன் ஆற்றல் கூர்மையாக இராமல் சுமார் 117 எம்இவி அகலத்துக்குப் பரவிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

தட்டுவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பாகத் தெரியும் மணலில் மோனசைட் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதும் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தோரியத் தொடரின் கடைசிப் பகுதியில் தாலியம் 208 வெளிவிடும் காமாக்கதிர் 2.6 எம்இவி, இயற்கைக் கதிரியக்கத்தில் கிடைக்கும் வலுவான காமாக்கதிர்களில் அதுவும் ஒன்று. நிற்கும் புரோட்டானை டெல்டாவாக்க ஒரு ஃபோட்டானுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள். 1232இன் வர்க்கத்திலிருந்து 938.27இன் வர்க்கத்தைக் கழித்து, 938.27இன் இரட்டிப்பால் வகுத்தால் சுமார் 340 எம்இவி வரும். நம் மணலின் காமாவைப்போல 130 மடங்கு. அதனால்தான் இந்த வேலைக்கு முடுக்கி தேவைப்படுகிறது.

வானத்தில் இது தானாகவே நடக்கிறது. மிகப்பெரிய ஆற்றலோடு வரும் அண்டக்கதிர்ப் புரோட்டான் ஒன்று, வெளியெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி ஃபோட்டானோடு மோதி டெல்டாவாகி ஆற்றலை இழக்கும். 1966இல் கிரைசனும், தனியாக சாட்செபினும் குஸ்மினும் இதைக் கணித்தார்கள். சுமார் 5 × 10¹⁹ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட அண்டக்கதிர்கள் தொலைவிலிருந்து நம்மை வந்தடைவது அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 1: குடும்பப் பெயர்

விந்தை எண்ணையும் ஐசோஸ்பினையும் வைத்துத்தான் எழுத்து. விந்தைக் குவார்க்கு இல்லையென்றால் நியூக்ளியான் (ஐசோஸ்பின் 1/2) அல்லது டெல்டா (3/2). ஒன்று இருந்தால் லாம்டா (0) அல்லது சிக்மா (1). இரண்டு இருந்தால் க்ஸை (1/2). மூன்றுமே விந்தையென்றால் ஒமேகா (0). கிளர்ந்த நிலைக்கும் அதே பெயர்தான், பக்கத்தில் நிறை மட்டும் சேரும். சார்ம், பாட்டம் குவார்க்குகள் வந்தால் கீழே குறி சேர்ப்பார்கள். அவற்றை இப்போது விட்டுவிடுவோம்.

படி 2: ஐசோஸ்பினை நீங்களே சோதியுங்கள்

பட்டியலில் எழுதியிருக்கிறதே என்று நகல் எடுத்துவிடாதீர்கள். ஒருமுறையாவது சொந்தமாகக் கண்டுபிடித்துப் பாருங்கள், அழகான கணக்கு இது.

பயான் என்பது மிக இலேசான மீசான் (குவார்க்கு, எதிர்க்குவார்க்கு இணை). நேர்மின் பயானும் புரோட்டானும் சேர்ந்தால் மொத்த ஐசோஸ்பின் 3/2 மட்டுமே. எதிர்மின் பயானும் புரோட்டானும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு 3/2, மூன்றில் இரு பங்கு 1/2. ஆகவே ஒத்ததிர்வின் ஐசோஸ்பின் 3/2 என்றால் முதல் மோதலின் மொத்தக் குறுக்குவெட்டு (மோதல் நிகழும் வாய்ப்பின் அளவு, அலகு மில்லிபார்ன்) இரண்டாவதைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 1/2 என்றால் முதல் மோதலில் அந்த மேடே வரக்கூடாது. அளவீட்டில் 1232 எம்இவி அருகே முதலாவது சுமார் 200 மில்லிபார்ன், இரண்டாவது சுமார் 70. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எனவே 3/2.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் மூன்று வினைகளைத் தனித்தனியாக எடுங்கள். நேர்மின் பயான் புரோட்டானில் பட்டு அப்படியே சிதறுவது, எதிர்மின் பயான் நடுநிலைப் பயானாக மாறி நியூட்ரானைத் தருவது, எதிர்மின் பயான் எதிர்மின் பயானாகவே சிதறுவது. கெழுக்களை வர்க்கித்தால் 9 : 2 : 1 என்று வரும். 1952இல் சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு பயான் கற்றையை ஹைட்ரஜனில் செலுத்தி, ஆற்றல் கூடக்கூடக் குறுக்குவெட்டு விறுவிறுவென்று ஏறுவதைப் பார்த்தது. அந்த ஏற்றத்தை ஐசோஸ்பின் 3/2 நிலையாகப் படிக்க வைத்தது இந்த விகிதம்தான். அந்தத் துகள் இன்றைய டெல்டா 1232.

இதே முறையில் மேலே ஏறிப் பாருங்கள். எதிர்மின் பயான் வரைபடத்தில் 1510 பக்கமும் 1690 பக்கமும் இரண்டு மேடுகள் தெரியும். நேர்மின் பயான் வரைபடத்தில் அவற்றுக்கு ஈடான மேடுகள் இல்லை. எனவே அவற்றை உண்டாக்குபவை நியூக்ளியான் குடும்பம். நேர்மின் பக்கம் 1900ஐத் தாண்டியதும் ஒரு மேடு வரும், அதில் பெரும்பங்கு டெல்டா 1950.

சிதைவிலிருந்தும் ஐசோஸ்பினை வடிகட்டலாம். ஈட்டா மீசானுக்கு ஐசோஸ்பின் 0. ஒரு நிலை ஈட்டாவும் நியூக்ளியானுமாகச் சிதைந்தால் அது டெல்டாவாக இருக்கவே முடியாது. கேயானும் (விந்தைக் குவார்க்கு கொண்ட மீசான்) லாம்டாவுமாகச் சிதைந்தாலும் அப்படியே. கேயானும் சிக்மாவும் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் வழி உண்டு, அங்கே அவசரப்படக்கூடாது.

படி 3: தற்சுழற்சி

இது கடினமான பகுதி. டெல்டாவை வைத்து இரண்டு வழிகளைப் பார்த்துவிடலாம்.

முதல் வழி உயரம். ஒரு குறிப்பிட்ட தற்சுழற்சி அலை தரக்கூடிய குறுக்குவெட்டுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பதிலிருந்து வருகிற வரம்பு. பயான்-புரோட்டான் மோதலில் அது 4π ஐ உந்தத்தின் வர்க்கத்தால் வகுத்து, தற்சுழற்சியோடு 1/2ஐக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். 1232 எம்இவியில் நிறைமையச் சட்டகத்தில் உந்தம் சுமார் 227 எம்இவி. போட்டுப் பாருங்கள்: தற்சுழற்சி 1/2 என்றால் உச்சவரம்பு சுமார் 95 மில்லிபார்ன், 3/2 என்றால் 190, 5/2 என்றால் 285. அளந்தது சுமார் 200. அந்த மிச்சப் பத்து பிற அலைகளின் சிறு பங்களிப்பு. 1/2 கதவடைந்துவிட்டது, 3/2 கச்சிதமாகப் பொருந்துகிறது. இத்தனை சிறிய கணக்கில் ஒரு துகளின் தற்சுழற்சி கையில் வந்து விழுவதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இரண்டாவது வழி கோணம். தற்சுழற்சி 3/2 நிலை ஒன்று தனியாக ஆதிக்கம் செலுத்தினால், சிதறும் பயான்களின் பரவல் 1 + 3 × கோசைன் வர்க்கம் என்ற வடிவில் இருக்கும். முன்னும் பின்னும் அதிகம், பக்கவாட்டில் குறைவு. தற்சுழற்சி 1/2 என்றால் எல்லாக் கோணத்திலும் சமம்.

இந்த இரண்டு வழிகளும் டெல்டாவுக்கு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் அது அந்த ஆற்றலில் ஏறத்தாழத் தனியாக நிற்பதும், கிட்டத்தட்ட முழுக்கவும் பயானும் நியூக்ளியானுமாகச் சிதைவதும்தான். 1700 பக்கம் இரண்டு வசதியும் கிடையாது.

படி 4: பாரிட்டி

கோணப் பரவல் பாரிட்டியைச் சொல்லாது. பயான் சுற்றுக் கோண உந்தம் 1 ஆக இருந்து தற்சுழற்சி 3/2 ஆனாலும், 2 ஆக இருந்து 3/2 ஆனாலும் அதே 1 + 3 × கோசைன் வர்க்கம் வரும். மினாமி இரட்டைத்தன்மை என்று இதற்குப் பெயர். பிரித்துப் பார்க்க, குறைந்த ஆற்றலில் கட்டப் பெயர்ச்சி (சிதறும் அலை எவ்வளவு தள்ளிப்போகிறது என்பது) எப்படி வளர்கிறது என்று கவனிக்க வேண்டும். கோண உந்தம் 1 என்றால் உந்தத்தின் மூன்றாம் அடுக்காக, 2 என்றால் ஐந்தாம் அடுக்காக வளரும். டெல்டா மூன்றாம் அடுக்கைப் பின்பற்றுகிறது. புரோட்டானின் தற்சுழற்சியை ஒரு திசையில் நிறுத்திச் செய்யும் சோதனைகளும் இந்த இரட்டைத்தன்மையை உடைக்கும்.

பயானுக்கே எதிர்ப் பாரிட்டி இருப்பதால் விதி இது: பயானின் கோண உந்தம் இரட்டைப்படை என்றால் ஒத்ததிர்வின் பாரிட்டி எதிர், ஒற்றைப்படை என்றால் நேர். டெல்டாவுக்குக் கோண உந்தம் 1, ஆகவே பாரிட்டி நேர். இப்போது முழுப் பெயர் எழுதலாம்: டெல்டா 1232, 3/2⁺.

பழைய கட்டுரைகளில் இதே துகளை பி-33 என்று பார்ப்பீர்கள். எழுத்து பயானின் கோண உந்தம்: எஸ் 0, பி 1, டி 2, எஃப் 3, ஜி 4. முதல் எண் ஐசோஸ்பினின் இரட்டிப்பு, இரண்டாவது தற்சுழற்சியின் இரட்டிப்பு. எஸ்-11 என்றால் 1/2⁻, டி-13 என்றால் 3/2⁻, எஃப்-15 என்றால் 5/2⁺. லாம்டா, சிக்மா பக்கம் போனால் முதல் எண் இரட்டிப்பு இல்லாத ஐசோஸ்பின். லாம்டா 1520 அங்கே டி-03. இந்த மாற்றத்தை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். 1960களின் கட்டுரைகளை வாசிக்காமல் இந்தத் துறையில் யாரும் வளர முடியாது, அவை முழுக்க இந்தக் குறியீட்டில்தான் இருக்கின்றன.

படி 5: மேட்டை விட்டுத் துருவத்துக்குப் போங்கள்

பகுதி அலைப் பகுப்பாய்வு என்பது மொத்தச் சிதறலையும் ஒவ்வொரு ஐசோஸ்பின், தற்சுழற்சி, பாரிட்டி சேர்க்கைக்கும் தனித்தனி வீச்சாகப் பிரித்தெடுப்பது. ஒவ்வொரு வீச்சும் ஒரு கலப்பெண். ஆற்றல் கூடக்கூட அதைக் கலப்பெண் தளத்தில் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒத்ததிர்வு இருந்தால் புள்ளிகள் இடஞ்சுழியாக ஒரு வட்டத்தில் ஓடும்.

இதை வாசித்துப் புரிந்துகொள்வதைவிட வரைந்து பார்ப்பதே மேல். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செய்ட் (SAID) தளத்தில் பயான்-நியூக்ளியான் வீச்சுகளை ஆற்றல்வாரியாக எண்களாகவே பெறலாம். பி-33 அலையை எடுத்து வரைபடத்தாளிலோ பைத்தானிலோ போடுங்கள். ஏறத்தாழ முழு வட்டம் கண்ணுக்கு முன்னால் உருவாகும். பிறகு பி-11 அலையை எடுங்கள். தொடக்கத்தில் கட்டம் சற்று எதிர்த்திசையில் போய், சுழியைக் கடந்து, அதன் பிறகே ஏறும். வட்டமும் உள்ளே சுருங்கி ஒழுங்கற்று இருக்கும். அதற்குள்தான் நியூக்ளியான் 1440 ஒளிந்திருக்கிறது. மொத்தக் குறுக்குவெட்டில் அதற்கென்று தனி மேடு கிடையாது. 1964இல் டேவிட் ரோப்பர் பகுதி அலைப் பகுப்பாய்வில் இதைக் கண்டுபிடித்தபோது யாரும் எதிர்பார்க்காத ஒன்றாக இருந்தது. அவர் பெயரால் ரோப்பர் ஒத்ததிர்வு என்றே இன்றும் அழைக்கிறோம்.

ஏன் துருவம்? மேட்டின் உச்சி எங்கே விழும் என்பது பின்னணியையும், பக்கத்தில் திறக்கும் புதிய சிதைவு வழிகளையும், எந்த வினையில் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்து நகரும். வீச்சைக் கலப்பு ஆற்றலுக்கு நீட்டினால் அது முடிவிலியாகும் புள்ளிதான் துருவம்; எந்த வினையில் பார்த்தாலும் அது அதே இடத்தில் இருக்கும். டெல்டாவின் பெயரெண் 1232, துருவத்தின் மெய்ப்பகுதி 1210, அகலம் 100. ரோப்பருக்கு வேறுபாடு இன்னும் பெரிது: பெயரில் 1440, துருவம் 1370 அருகே. இரண்டு குழுக்களின் முடிவுகளை ஒப்பிடும்போது துருவத்தைத் துருவத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பட்டியலின் உச்சி நிறையையும் புதிய கட்டுரையின் துருவத்தையும் பக்கத்தில் வைத்து "முரண்பாடு" என்று எழுதுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

படி 6: நட்சத்திரங்கள்

பட்டியலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று முதல் நான்கு நட்சத்திரம். நான்கு என்றால் இருப்பு உறுதி, பண்புகளும் ஓரளவு நன்றாகத் தெரியும். மூன்று என்றால் இருப்பு ஏறக்குறைய உறுதி, இன்னும் அளவீடு வேண்டும். இரண்டு சுமாரான சான்று, ஒன்று பலவீனமான சான்று. முதல் சுற்றில் நான்கையும் மூன்றையும் மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

இதில் கறாராக இருக்க ஒரு வரலாறு போதும். 2003இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகத்தில் 1540 எம்இவி அருகே ஐந்து குவார்க்குத் துகள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள், தீட்டா பிளஸ் என்று பெயர். அடுத்தடுத்துப் பல குழுக்கள் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். 2005இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் பன்மடங்கு அதிகத் தரவோடு தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கெதிராக, 2015இல் செர்னின் எல்எச்சிபி குழு சார்ம் குவார்க்கு இணையோடு கண்ட ஐந்து குவார்க்கு நிலைகள் 2019இல் இன்னும் பெரிய தரவில் மேலும் தெளிவாகப் பிரிந்து நின்றன. தரவு கூடும்போது ஒரு நிலை தெளிவாகிறதா, கரைகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

படி 7: இப்போது அலமாரியில் அடுக்கலாம்

கடைசிப் பத்தியைத் திறக்கும் நேரம். மேல், கீழ், விந்தை ஆகிய மூன்று வகைக் குவார்க்குகளுக்கும் இரண்டு தற்சுழற்சித் திசைகள். ஆக ஆறு நிலைகள். மூன்று குவார்க்குகளைச் சேர்த்தால் 216 சேர்க்கைகள். அவை சமச்சீர்ப்படி 56, 70, 70, 20 என்று பிரியும். எஸ்யூ(6) வகைப்பாடு என்பது இதுதான். அதோடு குவார்க்குகளின் சுற்றுக் கோண உந்தத்தைச் சேர்க்க வேண்டும். குவார்க்குகள் அலைவியற்றிபோல் ஆடுகின்றன என்று கொண்டால் ஆற்றல் அடுக்கடுக்காக வரும்: சுழி அடுக்கில் பாரிட்டி நேர், முதல் அடுக்கில் எதிர், இரண்டாவதில் மறுபடி நேர்.

ஓர் எச்சரிக்கை. படி 4இல் வந்த கோண உந்தம் பயானும் நியூக்ளியானும் ஒன்றையொன்று சுற்றுவது. இங்கே வருவது உள்ளே குவார்க்குகள் சுற்றுவது. இரண்டையும் ஒரே எழுத்தால் குறிப்பதால் குழம்பாதவர் குறைவு. நியூக்ளியான் 1520ஐ எடுங்கள்: பயான் பக்கம் அது 2, குவார்க்கு பக்கம் 1. பாரிட்டி இரு கணக்கிலும் எதிர்தான்.

சுழி அடுக்கில் 56: நியூக்ளியான் 1/2⁺, டெல்டா 1232 3/2⁺, அவற்றின் விந்தை உறவினர்கள். டெல்டாவின் இரட்டை நேர்மின் நிலையில் மூன்று மேல் குவார்க்குகளும் ஒரே தற்சுழற்சித் திசையில், ஒரே இடநிலையில் இருக்கின்றன. பவுலி விதி இதை அனுமதிக்காதே என்ற கேள்விதான் 1964இல் கிரீன்பெர்க்கையும், 1965இல் ஹானையும் நம்புவையும் நிறம் என்ற பண்பை நோக்கிக் கொண்டுசென்றது. வகைப்படுத்தலில் ஒரு கட்டம் பொருந்தவில்லை என்றதிலிருந்து இயற்கையின் அடிப்படை விசை ஒன்றின் மின்னூட்டமே வெளிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதல் அடுக்கில் 70, குவார்க்குக் கோண உந்தம் 1. நீங்களே கூட்டுங்கள். குவார்க்குகளின் மொத்தத் தற்சுழற்சி 1/2 என்றால் 1/2⁻, 3/2⁻ கிடைக்கும். 3/2 என்றால் 1/2⁻, 3/2⁻, 5/2⁻. நியூக்ளியானுக்கு இரண்டு வகையும் உண்டு, டெல்டாவுக்கு முதல் வகை மட்டும். எதிர்பார்ப்பு: ஐந்து நியூக்ளியான், இரண்டு டெல்டா. உங்கள் நோட்டில் 1700 வரை எதிர்ப் பாரிட்டி உள்ளவற்றைத் தேடுங்கள். நியூக்ளியான் 1535 (1/2⁻), 1520 (3/2⁻), பிறகு 1650 (1/2⁻), 1700 (3/2⁻), 1675 (5/2⁻). டெல்டா 1620 (1/2⁻), 1700 (3/2⁻). ஏழும் இருக்கின்றன, எட்டாவது இல்லை. குவார்க்குகளை யாரும் தனியாகப் பார்த்ததில்லை என்றாலும் அவை உள்ளே சுற்றுகின்றன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று இந்த ஏழு வரிதான்.

1/2⁻ நிலைகள் இரண்டும் ஒரே குவாண்டம் எண்களைக் கொண்டவை என்பதால் ஒன்றோடொன்று கலக்கின்றன. 1535 ஈட்டாவாகச் சிதைவதில் காட்டும் பேரார்வத்துக்கு 1978இல் இஸ்கரும் கார்லும் தந்த விளக்கம் இந்தக் கலப்பு. அது முழு விளக்கமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

இரண்டாம் அடுக்கை வீட்டுப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். கோண உந்தம் 0, 2 கொண்ட 56. அதேபோல் 0, 2 கொண்ட 70. கோண உந்தம் 1 கொண்ட 20. சரியாகக் கூட்டினால் 13 நியூக்ளியான், 8 டெல்டா வரும். பட்டியலோடு ஒப்பிட்டால் டெல்டா 1905, 1910, 1920, 1950 நான்கும் 56இல் நேர்த்தியாக உட்காரும். நியூக்ளியான் 1680, 1720 இரண்டும் அவற்றின் பக்கத்தில். மற்ற கட்டங்கள் பலவற்றில் ஐயமோ வெறுமையோ இருக்கும். காணாமற்போன ஒத்ததிர்வுகள் என்று துறையில் பேசப்படுபவை இவையே. பழைய பட்டியல் பெரும்பாலும் பயான் கற்றையில் உருவானது. பயானோடு ஒட்டாத நிலைகள் அதில் தெரியாது. ஜெஃபர்சன் ஆய்வகம், ஜெர்மனியின் பான், மைன்ஸ் ஆகிய இடங்களில் ஃபோட்டானைச் செலுத்தி, கேயானும் லாம்டாவுமாக வெளிவருவதைப் பார்த்த பிறகு நியூக்ளியான் 1900 (3/2⁺) போன்றவை உறுதிப்பட்டன.

அலமாரியில் அடங்காத இருவர்

முதலாமவர் ரோப்பர். நேர்ப் பாரிட்டி, இரண்டாம் அடுக்கு. அப்படியானால் முதல் அடுக்கின் 1535க்கு மேலே இருக்க வேண்டும், ஆனால் கீழே இருக்கிறது. எலக்ட்ரானை மோதவிட்டு வெவ்வேறு நுணுக்கத்தில் பார்த்த ஜெஃபர்சன் ஆய்வகத் தரவுகளிலிருந்து, நடுவில் குவார்க்குகளின் முதல் ஆர அலைவும் அதைச் சுற்றி மீசான் மேகமும் இருப்பதாக ஒரு படம் உருவாகியிருக்கிறது. மேகமே நிறையைக் கீழிழுக்கிறது என்பது அந்தப் படத்தின் வாதம். எனக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது.

இரண்டாமவர் லாம்டா 1405, 1/2⁻. உள்ளே விந்தைக் குவார்க்கு இருந்தும் தன் இணையான நியூக்ளியான் 1535ஐவிட 130 எம்இவி இலேசு. எதிர்மின் கேயானும் புரோட்டானும் சேர்ந்த நிறை 1432. அதற்குச் சற்றே கீழே இது உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை. 1959இலேயே, குவார்க்கு மாதிரிக்கு முன்பே, டாலிட்சும் துவானும் கேயானும் நியூக்ளியானும் பிணைந்த நிலையாக இதை எதிர்பார்த்தார்கள். தற்சுழற்சியையும் பாரிட்டியையும் நேரடியாக அளந்தது 2014இல்தான். இப்போது அங்கே ஒன்றல்ல, இரண்டு துருவங்கள் என்று கொள்கிறார்கள். பட்டியலின் அண்மைப் பதிப்புகளில் லாம்டா 1380 தனி வரியாக வந்திருக்கிறது. நோட்டில் இந்த இரண்டுக்கும் குடும்பப் பத்தியில் பென்சிலால் எழுதுங்கள்.

படி 8: ரெஜ் கோட்டில் ஒரு சரிபார்ப்பு

நிறையின் வர்க்கத்தைக் கிடையாகவும் தற்சுழற்சியைச் செங்குத்தாகவும் வையுங்கள். டெல்டா 1232 (3/2⁺), 1950 (7/2⁺), 2420 (11/2⁺) மூன்றுக்கும் வர்க்கங்கள் ஜிஇவி (ஆயிரம் எம்இவி) வர்க்க அலகில் சுமார் 1.52, 3.80, 5.86. நியூக்ளியான் 939 (1/2⁺), 1680 (5/2⁺), 2220 (9/2⁺) மூன்றுக்கும் 0.88, 2.82, 4.93. இரண்டும் ஏறத்தாழ இணையான நேர்க்கோடுகள். ரெஜ் கோடு என்பது இதுதான். புதிதாக ஒரு நிலையை ஒரு குடும்பத்தில் சேர்க்கும் முன் அது கோட்டில் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விழுவது சான்றாகாது, விழாவிட்டால் மறுபடி யோசிக்கக் காரணமாகும்.

ஆய்வுக்கு வர விரும்புவோருக்கு

இந்த மாவட்டத்திலிருந்து ஆய்வுப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் க்ஸை பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள் என்றே சொல்வேன். மேல், கீழ், விந்தைக் குவார்க்குகளைச் சமமாகக் கருதும் எஸ்யூ(3) கணக்கின்படி ஒவ்வொரு நியூக்ளியானுக்கும் ஒரு க்ஸை, ஒவ்வொரு டெல்டாவுக்கும் ஒரு க்ஸை இருந்தாக வேண்டும். பட்டியலில் இருப்பவை பத்துப் பன்னிரண்டுக்குள். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற்றவை ஆறு. 1530க்கு 3/2⁺ என்றும் 1820க்கு 3/2⁻ என்றும் சொல்லிவிட்டால், மேலே உள்ள பலவற்றுக்குத் தற்சுழற்சிப் பத்தி காலி. அவற்றின் அகலம் குறைவு என்பதால் ஒன்றின்மேல் ஒன்று படியும் தொல்லை குறைவு. உண்டாக்குவதுதான் கடினம், இரண்டு விந்தைக் குவார்க்குகளைக் கொண்டுவர வேண்டும். ஜப்பானின் ஜே-பார்க்கில் கேயான் கற்றை இருக்கிறது. ஜெஃபர்சன் ஆய்வகத்தில் நீள் ஆயுள் நடுநிலைக் கேயான் கற்றை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. நோட்டில் நியூக்ளியான், டெல்டா வரிகளை முடித்ததும், அவை ஒவ்வொன்றின் க்ஸை இணைக்கும் ஒரு வெற்று வரி விட்டு, எதிர்பார்க்கும் தற்சுழற்சியையும் பாரிட்டியையும் மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியைத் தேடிப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.